விச்சு பேரில் சொல்லி வைத்த ஹப்

ஞாயிற்றுக்கிழமை காலை புனே ஜூனா பஜாரில், பழைய பூட்டு, குழாய்த் திருகு, கைப்பிடி போன குக்கர் எல்லாம் குவிந்து கிடந்த ஒரு தார்ப்பாயைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகுதான் சின்னதுரை நின்றார். கண் பார்த்ததை மண்டை அப்போதுதான் வாங்கிக்கொண்டது. திரும்பி வந்து குந்தினார். குக்கருக்கு அடியில் ஒரு நசுங்கிய அட்டைப்பெட்டி. மேலே ஜப்பான் எழுத்து. எந்த நாட்டு எழுத்தாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பெட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தார். திறந்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு உருப்படி. தாளை முழுக்கப் பிரிக்காமல் ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டுப் பல்லைத் தடவி எண்ணினார். இருபத்தாறு. அதேதான்.

"க்யா ஹை யே?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"மிக்ஸர் கா பார்ட்," என்றார் கடைக்காரக் கிழவர்.

சிரிப்பை அடக்க சின்னதுரை மூக்கைச் சொறிய வேண்டியிருந்தது. இந்த மிக்ஸர் பார்ட்டுக்காக ஒரு காலத்தில் அவர் குர்லா பழைய இரும்புக் கடைகளில் செருப்பு தேய நடந்திருக்கிறார். ஒரு சிநேகிதத்தையே தொலைத்திருக்கிறார். கிழவர் கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் பெட்டியைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அது ஃப்ரீ வீல் ஹப். பழைய ஜிப்ஸி ஜீப்பின் முன் சக்கரத்துக்கு நடுவில் மாட்டுவது, உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம் மாதிரி இருக்கும். முகத்தில் ஒரு திருகு. தார்ரோட்டில் போகும்போது 'ஃப்ரீ' பக்கம் திருப்பி வைத்தால் முன் அச்சு சும்மா இருக்கும். பெட்ரோல் மிச்சம், சத்தம் மிச்சம். சேற்றில் மாட்டிக்கொண்டால் இறங்கிப் போய் 'லாக்' பக்கம் திருப்ப வேண்டும். டக்கென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்தக் காலத்து வண்டி பலதில் கம்பெனிக்காரன் வெறும் மூடியைத்தான் போட்டு அனுப்பினான், அதில் முன் அச்சு எப்போதும் லாக்கிலேயே சுற்றிப் பெட்ரோலைக் குடிக்கும். ஹப் வேண்டும் என்றால் வெளியில் தேடித்தான் மாட்ட வேண்டும். புனேயில் தேடுகிற ஆள் என்றால் சின்னதுரை.

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவர் ஷெட். ஹப், வண்டியைக் கயிற்றில் இழுக்கிற வின்ச், பெட்ரோல் பிடிக்கிற ஜெர்ரி கேன் மாட்டுகிற கம்பி, பழைய மாடல் கான்வாஸ் கூரை, அந்தக் கூரையைத் தாங்குகிற வளைவுக் குழாய் என்று எது வேண்டுமானாலும் வந்து சொல்லி வைத்துவிட்டுப் போகலாம். சொன்னவர் பேரை ஷெட்டின் உள்பக்கத் தகரத்தில் ரெட் ஆக்ஸைடு பிரஷால் எழுதுவார். தமிழில்தான் எழுதுவார், வேறு எழுத்து வராது. 'பாட்டீல் - வின்ச்'. 'குல்கர்னி - கூரைக் கம்பி'. பாட்டீலுக்கும் குல்கர்னிக்கும் தங்கள் பேர் எது என்றே தெரியாது. சரக்கு கிடைத்து வண்டியில் மாட்டின அன்றைக்கு, சின்னதுரை விரலை வைத்துக் காட்டுகிற இடத்தில் அவர்களே பிரஷை வாங்கிக் கோடு இழுப்பார்கள். அதுதான் ஷெட்டின் சட்டம். முதலில் சொன்னவனுக்கு முதலில், சொன்னவன்தான் அடிக்க வேண்டும். சின்னதுரை தன் கையால் யார் பேரையும் அடித்ததில்லை.

ஹப்புக்கு என்று எழுதின பேர்களில் எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்காமல் நின்றது ஒரு பேர். 'விச்சு - ஹப்'. பத்தொன்பது வருஷமாக நிற்கிறது.

விச்சு அப்போது பேங்கில் குமாஸ்தா. ஒல்லி ஆள், மூக்குக் கண்ணாடி. பேங்க் லோனில் வீடு வாங்குகிற வயசில், ராணுவம் ஏலம் விட்ட ஜிப்ஸியை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். சின்னதுரை அப்போது பட்டாளத்து ஏலச் சரக்கு எடுக்கிற ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக ஷெட் போட்டிருந்த நேரம். நாசரேத்திலிருந்து பதினெட்டு வயசில், லோஹேகாவில் பெயின்டர் வேலை பார்த்த தாய்மாமனை நம்பி ரயில் ஏறினவர். இந்த ஊரில் தமிழில் வாய்விட்டுத் திட்ட ஒரு ஆள் கிடைத்தது என்றால் அது விச்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் பம்பாய் ரயில். குர்லாவில் இறங்கி இரும்புக் கடை இரும்புக் கடையாக நுழைவார்கள். விச்சு கேட்லாக்கைப் பார்ப்பார், சின்னதுரை விரலால் பார்ப்பார். "டயாமீட்டர் பாக்காம எப்படிடா சொல்றே?" என்று விச்சு சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுப்பதற்குள், "இது ஆகாது சார், அரை நூல் கம்மி" என்று சின்னதுரை அடுத்த கடைக்குப் போயிருப்பார். விச்சு அளந்து பார்த்தால் அரை நூல் கம்மியாகத்தான் இருக்கும். அப்படித் தேடித் தேடித்தான் விச்சு வண்டிக்குப் பனி விளக்கு வந்தது, மேலே சாமான் கட்டும் கேரியர் வந்தது, பின்னால் ஜெர்ரி கேன் வந்தது.

மழைக்காலத்தில் மலைப்பாதைதான், தாம்ஹிணி காட், வரந்தா காட். விச்சுவின் மனைவி ரமா மாமி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தை அவர் பானெட் மேல் வைத்துச் சாப்பிடுவார். தன் மனைவி எஸ்தர் கொடுத்து அனுப்பின கறிச்சுக்காவை சின்னதுரை வண்டிக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவார். "காத்து இந்தப் பக்கம் அடிக்கறதுடா, பாவி, தள்ளி நில்லேன்!" என்று மழைக்குள்ளிருந்து விச்சு கத்துவார். அருவிச் சத்தத்துக்கு மேல் அந்தக் கத்தல் கேட்கும். ஜெர்ரி கேன் பெட்ரோலும் தீர்ந்து வண்டி சேற்றுப் பாதையில் நின்றால் ஹப் இல்லாத குறையை இரண்டு பேரும் சேர்ந்து தள்ளித்தான் தீர்த்துக்கொள்வார்கள். "ஹப் மட்டும் வரட்டும்," என்பார் விச்சு, முட்டிவரை சேறோடு. "உன்னை நான் தள்ள விடறேனா பாரு."

மூன்று வருஷம் காத்திருந்தார். கடைசியில் ஒரு ஜோடி வந்தது. ஒரிஜினல், பெட்டி பிரிக்காதது. சின்னதுரை போன் பண்ணிச் சொன்னார். சனிக்கிழமை வருகிறேன் என்றார் விச்சு.

வெள்ளிக்கிழமை வேறொரு ஆள் வந்தார். சின்னதுரைக்கு ஏலச் சரக்கில் வழிகாட்டுகிற ஆள். ஆறு வண்டியோடு மறுநாள் வடக்கே பனிமலை லேவுக்குக் கிளம்புகிறார். "ஒரு ஜோடி குறையுது, நீ தராட்டா யார் தருவா?" என்றார். தராவிட்டால் அடுத்த ஏலம் எப்போது என்று யார் சொல்வார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சின்னதுரைக்கு அது காதில் விழுந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை விச்சு ஒரு எலுமிச்சம்பழமும் அரைக் கிலோ பேடாவும் வாங்கிக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்தது. பேடா பொட்டலத்தை சின்னதுரையின் வொர்க் பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

ஜூனா பஜாரில் பெட்டி கிடைத்த அன்று மதியம் ஷெட்டுக்கு வந்து சின்னதுரை தாளைப் பிரிப்பதற்குள் ஒரு ஜிப்ஸி வந்து நின்றது. ஜோஷுவா. கோயம்புத்தூர்க்காரன், விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஹப்புக்கு இரண்டாவதாக நிற்கிற பேர் அவனுடையது.

"அண்ணா, ஹப் கெடச்சிருச்சாமாங்ண்ணா?"

"யாருய்யா சொன்னது? நான் இன்னும் மூச்சு விடலியே."

"வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டோவே வந்துருச்சுங்ண்ணா. குக்கர் பக்கத்துல குந்தீட்டு இருக்கறீங்க. மூஞ்சில அப்பிடி ஒரு சந்தோசம்."

"எவன் எடுத்தான் அத?"

"அது கெடக்குதுங்ண்ணா. நான் சனிக்கிழமை ஸ்பிதி கெளம்பறேன். லீவு வாங்கிட்டேன். ஹப் இல்லாம அந்த மலைக்கு எப்பிடீங்ண்ணா போறது?"

சின்னதுரை தகரத்தைப் பார்த்தார். மலைக்குக் கிளம்புகிறவன், மறுக்க முடியாத முகம், அதே மாதிரி ஒரு ஜோடி. பதினாறு வருஷம் கழித்து அதே வெள்ளிக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"மேல ஒரு பேரு நிக்கிய்யா."

ஜோஷுவா எழுத்துக்கூட்டிப் படித்தான். "விச்சு சாருங்களா? அவருகிட்ட தான் ஹப் இருக்குதே! பத்து வருசமா மாட்டியிருக்காரு. குரூப்ல அவரு பெருமை பேசாத நாளே இல்லீங். 'ஏகதம் ஃபர்ஸ்ட் கிளாஸ், சின்னதுரை தேடினதை விட ஒஸ்தி'ன்னு போன வாரங்கூடப் போட்டாரு. நீங்க பாக்கறதில்லீங்ளா?"

"நான் படம் மட்டும்தான் பாப்பேன்."

சொல்லும்போதே அவருக்கு எங்கேயோ சுருக்கென்றது. வேறு யாரிடமோ வாங்கி மாட்டிவிட்டாரா? மாட்டிக்கொள்ளட்டும். மாட்டாமல் இருக்கச் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. எஸ்தர் டீயோடு வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "இங்கேருங்க, அவரு வேற மாட்டிட்டாருன்னு இந்தத் தம்பி சொல்லுதுல்லா? பொறவு என்ன யோசன?"

"பேரு நிக்குல்லா, எஸ்தர்."

"பத்தொம்பது வருசமா நிக்கி. பக்கத்துல பல்லி முட்ட போட்டுக் குஞ்சே பொரிச்சிட்டு. நீங்க ஒரு கோட்ட இழுத்தா யாரு கேக்கப் போறா?"

"அவர் வந்து அடிக்கணும்."

"அப்ப போயிக் கூப்பிடுங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்காரு, இத்தன வருசத்துல ஒரு நாளு அந்தப் பக்கம் தல வச்சிப் படுத்தீகளா?"

ஜோஷுவாவைச் சாயங்காலம் போன் பண்ணச் சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியையும் டூல் பையையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். டூல் பை எதற்கு என்று எஸ்தர் கேட்கவில்லை. அவரும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்தது ரமா மாமி. தலை நன்றாக நரைத்துவிட்டது. "ஏன்னா, யாரு வந்துருக்கா பாருங்கோ!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். "வாங்கோ துரை, உள்ள வாங்கோ. எஸ்தர் சௌக்கியமா?"

விச்சு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேங்கை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, தொந்தி போட்டிருந்தார். "என்ன, வழி தவறி வந்துட்டியா?"

சின்னதுரை உட்காரவில்லை. பெட்டியை டீப்பாய் மேல் வைத்தார். "ஒரு ஜோடி கெடச்சுது சார். ஒங்க பேருதான் முதல்ல நிக்கி."

விச்சு பெட்டியைப் பார்த்தார். ஜப்பான் எழுத்தைப் பார்த்தார். கை தானாக நீண்டு பாதியில் நின்றது. "எனக்கு எதுக்கு? என் வண்டில இருக்கே. ஊருக்கே தெரியும்."

"அப்ப ஷெட்டுக்கு ஒரு எட்டு வந்து பேர அடிச்சிருங்க சார். பின்னால ஆளு நிக்கான்."

"ஓஹோ." இப்போதுதான் டிவியை அணைத்தார். "அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுக்க இப்போ என் கையெழுத்து வேணுமாக்கும்? அன்னிக்கு வேண்டியிருக்கலையே?"

ரமா மாமி காபிக்குப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

சின்னதுரை இந்தப் பேச்சை பதினாறு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தவர். அதில் ஏலம் வரும், தொழில் வரும், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் வரும். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"பயந்துட்டேன் சார்," என்றார். "அந்த ஆள் வழிய அடைச்சிருவான்னு பயந்துட்டேன். நீங்கன்னா பொறுத்துக்கிடுவீங்கன்னு நெனச்சேன். தப்புதான்."

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நீங்க பேடாவ வச்சிட்டுப் போயிட்டீங்க."

"தின்னியா அதை?" என்றார் விச்சு.

"எஸ்தர் யாரையும் தொட விடல. எறும்பு தின்னுச்சு."

"அரைக் கிலோ! காகா மிட்டாய்க் கடைப் பேடாடா அது!" விச்சுவுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. ஆனால் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "எனக்கு வேண்டாம். யாருக்கு வேணும்னாலும் குடு. பேரை நீயே அடிச்சுக்கோ."

அவ்வளவுதான். சின்னதுரை பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே பார்க்கிங்கில் ஜிப்ஸி நின்றது. அதே வண்டிதான். அவர் வெல்டு வைத்த கேரியர் அப்படியே இருந்தது, ஜெர்ரி கேன் கம்பியில் மட்டும் புதுப் பெயின்ட். தாண்டிப் போகத்தான் நினைத்தார், கால் கேட்கவில்லை. வலது முன் சக்கரத்துக்கு எதிரே குந்தி அந்த ஒஸ்தி ஹப்பைப் பார்த்தார். அச்சு அசல் மாதிரி வார்த்த டூப்ளிகேட். முகத்தில் பளபளப்பு, ஓரத்தில் பிசிறு. திருகைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இரண்டு கையும் போட்டார். அசையவில்லை.

"வண்டியைத் தொடாதேடா!" செருப்பை மாட்டாமலே விச்சு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"சார், இது லாக்குல பிடிச்சு நிக்கே."

"கொஞ்சம் டைட்டு. கிரீஸ் போட்டா சரியாயிடும்."

"எட்டு வருஷமா டைட்டுதான்!" முதல் மாடி பால்கனியிலிருந்து ரமா மாமியின் குரல் வந்தது. "மாட்டின ரெண்டாம் வருஷமே உள்ள ஸ்பிரிங் உடைஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும். அதுக்கப்புறம் இந்த மனுஷன் குரூப்ல எழுதாத நாள் கிடையாது!"

"நீ உள்ள போ!"

"போறேன், போறேன். பெட்ரோல் பங்க்காரன் பேரன் வரைக்கும் நமக்குச் சொந்தமாயிட்டான், அதையும் அவர்கிட்ட சொல்லுங்கோ!"

சின்னதுரை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எட்டு வருசமா வெறும் மூடி போட்ட மாதிரிதானே ஓட்டிருக்கீங்க. வேற ஜோடி தேடலியா சார்?"

விச்சு பக்கத்திலிருந்த தூணில் சாய்ந்தார். "யார்கிட்டடா சொல்லித் தேடுவேன்?"

சின்னதுரை ஸ்கூட்டருக்குப் போய் டூல் பையை எடுத்து வந்தார். விச்சு வாட்ச்மேன் அறையிலிருந்து ஒரு பழைய மராத்தி பேப்பரைக் கொண்டுவந்து தரையில் விரித்தார்.

ஆறு போல்ட். மூன்று சுலபமாக வந்தது, மூன்றுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. கழற்றக் கழற்ற விச்சு வாங்கி, வந்த வரிசையிலேயே பேப்பரில் அடுக்கினார். முன்பும் அப்படித்தான் செய்வார். "எந்த போல்ட் எந்த ஓட்டைக்குப் போனா என்ன சார்?" என்று சின்னதுரை முன்பும் அலுத்துக்கொண்டவர்தான், இன்று அலுத்துக்கொள்ளவில்லை. டூப்ளிகேட்டைச் சுத்தியல் பின்பக்கத்தால் தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது உள்ளிருந்து ஸ்பிரிங் துண்டு துண்டாகக் கொட்டியது. விச்சு அதைக் காலால் பேப்பருக்கு அடியில் தள்ளினார்.

புது ஹப்புக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது சின்னதுரையின் போன் அடித்தது. கை இரண்டும் கிரீஸ். "ஜோஷுவாவாத்தான் இருக்கும். எடுத்துப் பேசுங்க சார்."

விச்சு அவர் சட்டைப்பையில் கையை விட்டுப் போனை எடுத்தார். "ஹலோ. துரை வேலையா இருக்கான். நான் விச்சு பேசறேன்... ஆமாம்ப்பா, அதே விச்சுதான்... ஹப்பா? அது என்னோடது. என் பேர் முதல்ல இருக்கு, நீ பாக்கலியா? அப்புறம் என்ன? க்யூல நில்லு." காதிலிருந்து எடுக்கப் போனவர் திரும்ப வைத்துக்கொண்டார். "இரு, இரு. ஸ்பிதின்னா சொன்னே? தனியாவா போறே? பைத்தியக்காரா, இன்னொரு வண்டி கூட இல்லாம போகாதே. ஹப் இல்லேன்னா ஒண்ணும் செத்துட மாட்டே, நான் இருபது வருஷமா இல்லாமத்தான் ஓட்டறேன்... ஆமாம்டா, குரூப்ல போட்டதெல்லாம் பொய். போய் அங்கேயே எழுது, போ."

போனைத் திரும்பப் பையில் போட்டபோது அவர் காது சிவந்திருந்தது. மேலே பால்கனியில் ரமா மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறாவது போல்ட்டும் ஏறியது. "திருப்புங்க சார்."

விச்சு முட்டியைப் பிடித்துக்கொண்டு, சின்னதுரை தோளில் ஒரு கையை ஊன்றி, மெல்லக் குந்தினார். திருகைப் பிடித்தார். டக். 'ஃப்ரீ'. டக். 'லாக்'. மறுபடி ஃப்ரீ. மறுபடி லாக். ஏழு எட்டு தடவை திருப்பியிருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை திருப்பினார்.

சின்னதுரை இரண்டாவது உருப்படியைக் கையில் எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார். இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மழைகூட விட்டிருந்தது.

"அது நாளைக்கு," என்றார் விச்சு.

"அரை மணி நேர வேலதான் சார். இப்பவே முடிச்சுட்டா நாளைக்குக் காலைல நீங்க ஷெட்டுக்கு வந்து பேர அடிச்சிரலாம்."

"நாளைக்குன்னு சொன்னேன்."

"ஒரு பக்கம் மாத்தி ஒரு பக்கம் விட்டா வண்டிய நகத்தக் கூடாதே சார்."

"யாரு நகத்தப் போறா? பதினாறு வருஷம் இழுத்தடிச்சவன் ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியோ? கார்த்தால எட்டு மணிக்கு வா. எஸ்தரையும் கூட்டிண்டு வா. டிபன் இங்கதான்." சின்னதுரை கையிலிருந்த ஹப்பை வாங்கி, அவிழ்ந்த எண்ணெய்த் தாளைத் திரும்பச் சுற்றினார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். உன்னை நம்ப முடியாது."

சொல்லிவிட்டு, அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, செருப்பில்லாத காலோடு படியேறிப் போனார்.